கத்தி பழகட்டும்

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவள். பட்டறையில் ரெக்ஸின் தைக்கிற பெரிய மெஷின்கள், காற்றில் அடிக்கிற ஸ்டேப்ளர், எந்நேரமும் உறுமிக்கொண்டே இருக்கும் கம்ப்ரசர். இத்தனைக்கும் மேலே "நூலை மாத்து!" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை இப்படி ஆகிவிட்டது. நான் ரகசியம் பேசினால் மாடி வீட்டிலிருந்து பதில் வரும். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் உள்ளறையில் உட்கார்ந்து கண்ணாடி தேய்க்கிறவர். அங்கே சத்தம் கிடையாது. மனுஷனிடமும் கிடையாது.

எங்கள் இரண்டு பேருக்கும் பிறந்த பொட்டு அப்பாவை அப்படியே உரித்து வைத்தவள். மூன்றாம் வகுப்பு. பிறந்தபோது பொட்டளவுதான் இருந்தாள், அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் பேசுவாள், அதுவும் காதோரமாக வந்து. வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு. டீச்சர் கேட்டால் தலையாட்டுவாள், கடைக்காரர் கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். "அடக்கமான பொண்ணு" என்று யாராவது மெச்சினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடக்கமாம், அடக்கம்! அந்த அடக்கம் எங்களுக்கு என்ன செய்தது என்று எனக்கல்லவா தெரியும்.

பள்ளிக்கூடத்தில் படம் வரைகிற அறைக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கிற சின்ன அறை ஒன்று இருக்கிறது. பொட்டு அதற்குள் காகிதம் எடுக்கப் போயிருக்கிறாள். யாரோ தெரியாமல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார்கள். மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போன பிறகு நானும் அவரும் தெருத்தெருவாக ஓடினோம். பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்து நான் அவள் பேரைச் சொல்லி அலறினேன். கடைசியில் கூட்டுகிற அம்மா துடைப்பம் எடுக்க அந்தக் கதவைத் திறந்தபோது, இவள் காகிதக் கட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டது அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

"ஏண்டி, ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்று கட்டிக்கொண்டு அழுதேன்.

என் காதில் சொன்னாள்: "குடுத்தேம்மா. வெளிய வரலை."

அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவே இல்லை. அடுத்த தடவை அது பூட்டிய அறையாக இருக்காது. தண்ணீராக இருக்கலாம், நெருப்பாக இருக்கலாம், ஒரு கெட்ட ஆளாக இருக்கலாம். கூப்பிட வராத பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் நிம்மதியாகத் தூங்குவாள்? அதனால்தான் விசாரித்து, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு டீச்சரிடம் போனோம். எங்கள் வீட்டில் அவருக்குப் பேர் பேச்சு டீச்சர். முதல் நாள் பொட்டுவோடு கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டே என்னென்னவோ கேட்டார். "யோசிச்சு ஃபோன்ல சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார்.

ஃபோன் வந்தபோது நான் ஒரு வேன் சீட்டுக்கு மேல் ஏறி முட்டிபோட்டு உட்கார்ந்து ரெக்ஸினை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே ஸ்டேப்ளர் டப் டப் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"...கத்தி பழகட்டும்மா" என்றார்.

"என்னது, கத்தியா?"

"ஆமாம்மா, கத்திதான். எல்லாரும் முதல்ல இப்படித்தான் ஆச்சரியமா கேப்பாங்க."

"டீச்சர், சின்னப் பிள்ளை டீச்சர்!"

"அதனாலதான் இப்பவே ஆரம்பிக்கச் சொல்றேன். முதல்ல சின்னதா போதும். தினம் கொஞ்ச நேரம். மொட்டை மாடி மாதிரி திறந்த இடமா இருந்தா நல்லது. அக்கம்பக்கத்துல முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, திடீர்னா பயந்துடுவாங்க. நீங்க பக்கத்துலயே இருங்க. ஆனா குறுக்க மட்டும் போயிடாதீங்க."

"ஐயோ, போவேனா!"

"அப்புறம், தொண்டை பத்திரம்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குக் கையிலிருந்த ரெக்ஸின் நழுவிவிட்டது.

சாயங்காலம் அடுப்படியில் விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய விஷயம் என்றால் முதலில் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

"கத்தின்னா, காய் நறுக்கற கத்தியா?"

"பழகறதுக்குங்க. சின்னதா. மடக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்."

"பேச்சு வராததுக்கு எதுக்குக் கத்தி?"

"எனக்கென்ன தெரியும்? படிச்சவங்க சொன்னா ஏதாவது இருக்கும்."

இந்த ஏதாவது என்னவாக இருக்கும் என்பதில்தான் அவருக்குத் தூக்கம் போனது. நல்ல மனுஷன், புரியாத ஒன்று கிடைத்தால் பல்லிடுக்கில் மாட்டினது மாதிரி துழாவிக்கொண்டே இருப்பார். கையை ஆள்கிற மூளையும் நாக்கை ஆள்கிற மூளையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம் என்றார். பொறுப்பைக் கொடுத்தால் தைரியம் வரலாம் என்றார். கையில் கத்தி இருக்கிறது என்ற நினைப்பிலேயே பயம் போய்விடும் போல என்றார்.

"அப்போ துப்பாக்கி குடுத்தா பாட்டே பாடுவாளோ?" என்றேன்.

"நீ வேணா இன்னொரு தடவை ஃபோன் பண்ணிக் கேளேன்."

கேட்டிருக்கலாம். கேட்டால் இந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துவிடுவாரே என்று ஒரு வீண் கௌரவம். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வதில் நான் கெட்டி. மறுநாளே மாடி வீட்டம்மாவைப் பிடித்து, "எங்க பொட்டு கத்தி பழகப் போறா, பயந்துடாதீங்க" என்று சொல்லி வைத்தேன். அந்தம்மா கொஞ்சமும் பயப்படவில்லை. "தாராளமா பழகட்டும். வாயே திறக்காத பிள்ளை, பாவம்" என்றார். கத்திக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எங்களைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்தேன்.

என் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கிற கடைக்கே மூன்று பேரும் போனோம். முன்பக்கம் பூட்டும் சாவியும் கத்திகளும், பின்பக்கம் சாணைச் சக்கரம். முன்னால் இருப்பது அக்கா, பின்னால் சக்கரத்தில் இருப்பது தம்பி. அந்த அக்காவுக்குக் கத்தியைப் பற்றி ஒன்றும் பெரிதாகத் தெரியாது. எதைக் கேட்டாலும் "நல்லா போகுது" என்பார்.

"பாப்பாவுக்கா?" என்று கண்ணாடிப் பெட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "உனக்கு எந்த மாதிரி வேணும், கண்ணு?"

"சின்னதா, கைக்கு அடக்கமா இருந்தா போதும் அக்கா" என்றேன் நான்.

முதலில் ஒரு சிவப்புக் கத்தி வந்தது. அதற்குள் கத்தி, கத்தரி, அரம், முள் எடுக்கிற இடுக்கி, பல் குத்துகிற குச்சி என்று ஒரு குடும்பமே குடியிருந்தது. நடுவில் ஒரு சுருள் கம்பி.

"இது எதுக்கு?" என்று கேட்டார் இவர்.

"பாட்டில்ல தக்கை எடுக்க. நல்லா போகுது."

"மூணாம் கிளாஸ் பிள்ளைக்கு எதுக்குங்க தக்கை?"

பொட்டு அதைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டாள். பிளேடில் நகத்தை வைத்து இழுக்க ஒரு பள்ளம் இருக்கிறது. இவளோ நகத்தைக் கடித்துக் கடித்து ஒன்றும் மிச்சம் வைக்காதவள். முக்கி முனகிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

அடுத்தது பக்கத்தில் பட்டன் வைத்தது. அந்த அக்கா தட்டியதும் படக்கென்று பிளேடு வெளியே வந்த வேகத்தில் என் வீட்டுக்காரர் வாசற்படிக்குப் போய்விட்டார். அங்கே நின்றபடியே "வேணாம்" என்றார். அடுத்ததில் பூட்டு இருந்தது. திறந்தால் பிளேடு அசையாமல் நிற்கும். மூட வேண்டும் என்றால் உள்ளே இருக்கிற தகட்டைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும், அந்தக் கட்டைவிரலோ பிளேடு வருகிற வழியிலேயே இருக்கிறது.

"வர்ற வழியில விரலை வெச்சுக்கிட்டு மூடணுமா? இதைக் கண்டுபிடிச்சவனுக்குப் பிள்ளை குட்டி கிடையாதா?" என்றேன்.

"பெரியவங்க அப்படித்தான் மூடறாங்க."

"பெரியவங்க என்னத்தைத்தான் பண்ணலை!"

இவர் தன் பங்குக்கு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். சாவிக்கொத்தில் மாட்டுகிறது, அவர் சுண்டுவிரலில் பாதி. இவருடைய கொள்கை எனக்குப் புரிந்துவிட்டது, கத்தி என்று பேர் இருந்தால் போதும், வெட்டக் கூடாது. என் பையில் எப்போதும் ரெக்ஸின் துண்டு கிடக்கும். ஒன்றை எடுத்து அதில் வைத்து இழுத்தேன். ரெக்ஸின் மடங்கியதே தவிர வெட்டுப்படவில்லை.

"மொண்ணைக் கத்திதாங்க கையைக் கிழிக்கும்" என்றேன். "கூரா இருந்தா போற இடத்துக்குப் போகும். மொண்ணையா இருந்தா அழுத்துவா, அழுத்தினா வழுக்கும். என் கையில இருக்கற தழும்பு எல்லாம் மொண்ணை பிளேடு போட்டதுதான். வேணா எண்ணிப் பாருங்க." அவர் எண்ணவில்லை.

இவ்வளவு நேரமும் பொட்டு என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அவள் கத்திகளைப் பார்க்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்! அந்த அக்கா ஒவ்வொன்றையும் மூடி வைக்கும்போது இவள் கண்ணாடிப் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் மறுபடி மூடிக் காட்டச் சொல்லிக் கையால் சைகை காட்டினாள். அந்த அக்காவும் சலிக்காமல் மூடினார். சிவப்புக் கத்தி கடக் என்றது. பூட்டுக் கத்தி உரசிக்கொண்டு போனது. மரப்பிடி போட்ட ஒன்று, பெட்டியின் மூலையில் தூசியோடு கிடந்தது, மூடும்போது பாதியில் ஒரு டக் என்று நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினால்தான் மறுபடி டக் என்று மூடிக்கொண்டது.

பொட்டு என் முழங்கையை இழுத்தாள். குனிந்தேன்.

"அம்மா, இது பாதியில நின்னு கேக்குது."

"என்ன கேக்குது?"

"மூடட்டுமான்னு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுதான் வேணுமாம் அக்கா! பாதியில நின்னு மூடட்டுமான்னு கேக்குதாம்!" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். பின்னாலிருந்து தம்பி சிரித்தார். பொட்டு என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஆனால் அவள் சொன்னது சரி. பிளேடு திடீரென்று விரலில் விழாமல் இருப்பதற்காகத்தான் அந்தப் பாதி நிறுத்தம். இவரும் அதைத் திறந்து மூடித் திறந்து மூடி ஒரு மாதிரி சமாதானமானார். ரெக்ஸின் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. "முனையை மட்டும் மழுக்கிக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டார். தம்பிக்கு அன்றைக்கு வேலை அதிகம், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நானும் என் பெரிய கத்தரிக்கோலைச் சாணைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த நாட்களில் பொட்டு கேட்ட கேள்விகள் இருக்கிறதே! எல்லாம் காதோரமாகத்தான், ஆனால் ஓயவில்லை. மூடியிருக்கும்போது அது கத்தியா, வெறும் கட்டையா? வெட்டுவது கத்தியா, கையா? கத்தியைச் செய்த பட்டறையில் அந்தக் கத்தியை எந்தக் கத்தியால் வெட்டினார்கள்? ஆப்பிளுக்கு வலிக்குமா என்று கேட்கவில்லை, கத்திக்கு வலிக்குமா என்று கேட்டாள். ஐஸ்குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு பென்சில் சீவுகிற மாதிரி பாவனை பண்ணி, வராத சீவலை ஊதிவிட்டாள். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா காதில் கேட்டாள்: "அது கத்தவே மாட்டேங்குது. அப்புறம் ஏன் அதுக்குக் கத்தின்னு பேரு?"

இவர் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. இரண்டு பேரும் பெரியவர்கள், இரண்டு பேருக்கும் தலையில் மூளை என்று ஒன்று இருக்கிறது. அப்போதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேச்சு டீச்சரிடம் போக வேண்டிய நாள். பொட்டுவை முன்னறையில் கட்டை அடுக்க விட்டுவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"எப்படிப் போகுது? கத்தி பழகறாளா?"

"இன்னும் கைக்கு வரலை டீச்சர்" என்றேன். "முனையை மழுக்கக் குடுத்திருக்கோம்."

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். "எதோட முனையை?"

"கத்தியோட முனையைத்தான்."

"எந்தக் கத்தி?"

"மடக்குக் கத்திங்க" என்று இவர் கைவிரலால் நீளம் காட்டினார். "நல்லா தேடித்தான் எடுத்தோம். பாதியில நிக்கும்."

டீச்சர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அம்மா! நான் கத்திப் பழகட்டும்னு சொன்னேன். கத்திப்! சத்தம் போட்டு, வாய் விட்டு! மொட்டை மாடியில நின்னு தினம் கொஞ்ச நேரம் கத்தட்டும், குரல் வெளிய வரப் பழகட்டும்னு!"

ஒரே ஒரு 'ப்'. அந்த ஒரு எழுத்தை என் பட்டறை ஸ்டேப்ளர் தின்றுவிட்டது. சின்னதாக ஆரம்பிப்பது, அக்கம்பக்கத்தில் சொல்வது, தொண்டை பத்திரம், மாடி வீட்டம்மா சொன்ன பதில், எல்லாம் வரிசையாக வந்து என் தலையில் குட்டின. டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சுவரில் தொங்கிய படத்தை ரொம்ப ஆர்வமாகப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வெட்கம். வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"அப்போ குறுக்க போகாதீங்கன்னு சொன்னது?" என்று கேட்டேன். "நான் பிளேடுக்குக் குறுக்கன்னுல்ல நினைச்சேன்."

டீச்சர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அவ பேச்சுக்குக் குறுக்கம்மா. அன்னைக்கு நான் அவளைக் கேட்ட எல்லாத்துக்கும் நீங்கதான் பதில் சொன்னீங்க. அவ வாயைத் திறக்கறதுக்குள்ள முந்திடறீங்க."

"பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளைக்கு என்ன வேணும்னு?"

"தெரியும்மா. அவளுக்கும் தெரியும்" என்றார்.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். எப்படிக் கத்துவது என்று நான் செய்து காட்டினேன். பக்கத்துக் கட்டடத்துப் புறாக்கள் மொத்தமும் பறந்துவிட்டன, கீழே யாரோ "என்னாச்சு?" என்று ஜன்னலைத் திறந்தார்கள். இவரும் முயற்சி பண்ணினார், தும்மல் மாதிரி ஒன்று வந்தது. பொட்டு கால்களை அகட்டி நின்று, மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி, மறுபடி. இருட்டுகிற வரைக்கும் நின்றோம்.

"வரலைம்மா" என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அந்தச் சாமான் அறைதான் ஞாபகம் வந்தது. குரல் கொடுத்திருக்கிறாள், இதே மாதிரி கொடுத்திருக்கிறாள், கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் காற்றுகூடக் கேட்கவில்லை.

கீழே வந்ததும் சாணைக் கடைக்கு ஃபோன் பண்ணினேன். "அந்த மரப்பிடிக் கத்தி வேண்டாம் அக்கா, வேற யாராவது கேட்டா குடுத்துடுங்க" என்றேன். டீச்சர் சொல்லாத கத்தி, தவறிப்போய் ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? இவர் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்றேன்."

"ஆசையா இருந்தா. எனக்கென்னமோ வாங்கியே குடுத்திருக்கலாம்னு தோணுது."

"சொல்றேன்னு சொல்றேன்ல!"

சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் கத்தரிக்கோலை வாங்கக் கிளம்பினேன், பொட்டு எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். தெருவில் பாதி தூரம் வரைக்கும் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன், என் வாயே எனக்குத் துரோகம் பண்ணியது. ஊரில் யாருக்கு எந்தக் கெட்ட சேதி சொல்ல வேண்டும் என்றாலும் என்னைத்தான் அனுப்புவார்கள், அப்பேர்ப்பட்ட வாய். பொட்டு ஒரு கையை என் கையிலும் இன்னொரு கையைப் பாவாடைப் பையிலும் வைத்துக்கொண்டு, அந்தப் பையில் கத்திக்கு இடம் இருக்கிறதா என்று துழாவிக்கொண்டே வந்தாள். கடையில் போய் அங்கே இல்லை என்று ஆகட்டும், அப்புறம் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவு கோழை நான்.

கடையில் சாணைச் சக்கரம் போட்ட சத்தத்தில் காது அடைத்தது. முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார், தோட்ட வேலை செய்கிறவர், முழங்கால் வரைக்கும் மண். கையில் எதையோ திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பொட்டுவுக்குக் கேட்டிருக்கிறது. படியிலேயே நின்றுவிட்டாள்.

"முனை மழுங்கியிருக்கே, கொடி அறுக்க நல்லா இருக்கும்" என்று அவர் கடைக்கார அக்காவிடம் கத்தினார்.

"நல்லா போகுது!" என்று அந்த அக்காவும் கத்திவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நீ சொன்னபடி தள்ளிவிட்டேன் என்று அர்த்தம்.

பொட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. நான் ஏதோ செய்துவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, என்ன என்றுதான் புரியவில்லை. என் கையை விட்டுவிட்டு நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் போனாள். உதடு அசைந்தது. சக்கரச் சத்தத்தில் பக்கத்தில் இருந்த ஈக்குக்கூடக் கேட்டிருக்காது. அந்த ஆள் கத்தியை மடக்கி மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்க்கத் திரும்பினார். பொட்டு மறுபடி உதட்டை அசைத்தாள். அவர் அவளைத் தாண்டிப் போனார். நான், "ஐயா, ஒரு நிமிஷம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் வந்துவிட்டது.

"அது என்னோட கத்தி!"

சக்கரத்துக்கு மேலே, தெருவுக்கு மேலே. கரகரவென்று, நடுவில் உடைந்து, கொஞ்சமும் இனிமையில்லாமல். எனக்கு ரோமம் குத்திட்டு நின்றது. அப்பாவை உரித்து வைத்தவள் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது அச்சு அசலாக என் குரல்! பின்னால் தம்பி சக்கரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அந்த ஆள் வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றுவிட்டார்.

"அது என்னோட கத்தி" என்றாள் பொட்டு மறுபடியும். சக்கரம் நின்ற பிறகும் அதே சத்தம். குறைக்க அவளுக்குத் தெரியவில்லை. "நான்தான் தேடி எடுத்தேன். எனக்காகத்தான் மழுக்கினாங்க."

எனக்குக் கண் மறைத்தது. சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. வாய்தான் ஓடியது. "ஆமாங்க, அது என்ன ஆச்சுன்னா, டீச்சர் ஃபோன்ல சொன்னது எனக்குச் சரியா..."

"அம்மா! நீ குறுக்க பேசாத!"

இந்தத் தெருவில் என்னை வாயை மூடச் சொன்னவர்கள் உண்டு. ஒருத்தர் சொல்லியும் நான் மூடியதில்லை. மூடிக்கொண்டேன்.

அந்த ஆள் பையிலிருந்து கத்தியை எடுத்தார். "உன்னுதா? தெரியாம எடுத்துட்டேன் பாப்பா" என்றார். பிறகு பெரியவர்கள் எல்லாரும் செய்கிற மாதிரியே, அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, கத்தியை என்னிடம் கொடுத்தார்.

அவகிட்ட குடுங்க என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. கடையில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. அவ்வளவு நேரம் பேசாமல் நான் இருந்ததே இல்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"என்கிட்ட குடுங்க" என்றாள் பொட்டு.